மெல்லிய வளையம் சக்கில் வட்டம், கையில் கோணல்: லேத்தில் மென்சுவர் வேலையைப் பிடிப்பது குறித்து

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2024

வெளிவிட்டம் 100 மி.மீ., சுவர்த் தடிப்பு 3 மி.மீ., அகலம் 20 மி.மீ. கொண்ட உருக்கு வளையங்களுக்கு எச்7 என்னும் துல்லிய அளவில் (மிகச் சிறு வேறுபாட்டை மட்டும் அனுமதிக்கும் தரம்) லேத்தில் உள்துளை போரிங் செய்கிறேன், அதாவது உள்ளே குடைகிறேன். மூன்று ஜா சக்கில் (மூன்று தாடைகளால் வேலையைக் கவ்வும் சக்கில்) இருக்கும்போது டயல் அளவியை வைத்துச் சுற்றினால் முள் அசைவதே இல்லை. கழற்றிய பிறகு, உள்ளே பொருந்த வேண்டிய பாகம் இறங்க மறுக்கிறது. உள்விட்ட மைக்ரோமீட்டரை எந்தப் பக்கம் வைத்தாலும் அளவு சரியாகவே காட்டுகிறது. சக் மிகவும் பழையது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புதியது வாங்கிவிடலாமா?

3 ஜூன், இரவு

வாங்க வேண்டாம். புதுச் சக் வாங்கினால் வளையம் புதுச் சக்கில் கோணலாகும், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். மூன்று ஜாவும் வெளியிலிருந்து அழுத்தும்போது வளையம் அந்த மூன்று இடங்களில் உள்ளே அமுங்கி, இடைப்பட்ட மூன்று இடங்களில் வெளியே பிதுங்குகிறது. அந்த நிலையிலேயே டூல் உள்ளே சென்று துளையைச் சரியான வட்டமாக அறுக்கிறது. ஆகவே டயல் சொல்வது உண்மையே. அமுங்கிய இடத்தில் கூடுதல் உலோகம் போய்விட்டது, பிதுங்கிய இடத்தில் குறைவாகப் போயிருக்கிறது. சக்கைத் தளர்த்தியதும் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது; வட்டமாக இருந்த துளை மூன்று புடைப்புள்ள துளையாக மாறுகிறது. உங்கள் பாகம் இறங்காமல் முட்டுவது ஜாக்களுக்கு இடைப்பட்ட அந்த மூன்று இடங்களில்தான்.

4 ஜூன்

மைக்ரோமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது என்பதை நேற்று எழுதாமல் விட்டேன். மூன்று புடைப்புள்ள வடிவத்தில் ஒரு புடைப்புக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு முனையால் விட்டம் அளக்கும் எந்தக் கருவியும் ஒன்றின் கூடுதலை மற்றொன்றின் குறைவால் ஈடுசெய்துகொண்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். எங்கள் பட்டறையில் பம்ப்புக்கான கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) வேர் ரிங், அதாவது தேய்மான வளையம், கடைந்த காலத்தில், ‘அளவு சரி, ஆனால் நுழையவில்லை’ என்று திரும்பி வந்த வளையங்களைப் பற்றிய சச்சரவு பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான் வந்தது. அளந்தவரும் பொய் சொல்லவில்லை, பொருத்தியவரும் பொய் சொல்லவில்லை.

விலை உயர்ந்த கருவி இல்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. வெளிவட்டம் முன்பே சரியாகக் கடையப்பட்டிருந்தால், உருண்டை முனை கொண்ட மைக்ரோமீட்டரால் சுவரின் தடிப்பைச் சுற்றிலும் அளந்து பாருங்கள். ஜா பிடித்த மூன்று இடங்களில் சுவர் மெலிந்தும் இடையில் தடித்தும் இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. மூன்று முனை உள்விட்ட மைக்ரோமீட்டர் இருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும்.

4 ஜூன், மாலை

மேலே உள்ள கடைசி வாக்கியத்துக்கு ஒரு நிபந்தனை வேண்டும். மூன்று முனைக் கருவியை ஓரிடத்தில் மட்டும் வைத்துப் படித்தால் அதுவும் ஒரே ஓர் எண்ணைத்தான் தரும். 60 டிகிரி திருப்பி மீண்டும் படிக்க வேண்டும். முதலில் மூன்று முனையும் பள்ளத்தில் இருந்தால் பிறகு மூன்றும் மேட்டில் வந்து நிற்கும், வித்தியாசம் அப்போதுதான் தெரியும். வெளிவட்டத்தைச் சோதிப்பவர்கள் வி வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டையான வி பிளாக்கில் வைத்து மேலே டயல் வைக்கலாம். 90 டிகிரி வி பிளாக்கில் மூன்று புடைப்பின் பிழை இரு மடங்காகவும், 60 டிகிரி பிளாக்கில் மும்மடங்காகவும் முள்ளில் பெருகித் தெரியும்.

6 ஜூன்

“3 மி.மீ. உருக்கு அவ்வளவு எளிதாக வளையுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்கே சொல்லட்டும்.

மெல்லிய வளையத்தின் மேல் சம இடைவெளியில் மூன்று விசைகள் உள்நோக்கி அழுத்தினால், விசை விழும் இடத்தில் அமுங்கும் அளவு ஏறத்தாழ 0.016 × விசை × ஆரத்தின் மூன்றாம் அடுக்கு ÷ (மீள்குணகம் × குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன்). மீள்குணகம் என்பது பொருளின் விறைப்பு; நிலைமத் திருப்புத்திறன் என்பது குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு. கேள்வியில் உள்ள வளையத்துக்கு சராசரி ஆரம் 48.5 மி.மீ.; ஒவ்வொரு ஜாவிலும் 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடை. விடை கிட்டத்தட்ட 0.2 மி.மீ. உள்துளை 94 மி.மீ. என்றால் எச்7 அனுமதிக்கும் மொத்த வேறுபாடே 35 மைக்ரான். சக் சாவியை இரு கையாலும் இறுக்குகிற நம் பழக்கத்தில் மூன்று ஜாவிலும் சேர்ந்து டன் கணக்கில் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே வளையத்தின் சுவர் 6 மி.மீ. ஆக இருந்தால் அமுங்கல் 0.022 மி.மீ. மட்டுமே, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. தடிப்பின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து விறைப்பு கூடுவதும், ஆரம் சற்றே குறைவதும் சேர்ந்து இந்த மாற்றத்தைத் தருகின்றன. பிற்பாடு நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த எண்தான்.

இது உருக்குக் கணக்கு. அலுமினியத்தின் மீள்குணகம் உருக்கில் மூன்றில் ஒரு பங்கு, கன்மெட்டலுடையது ஏறத்தாழப் பாதி. எனவே அமுங்கல் முறையே மும்மடங்கு, இருமடங்கு என்று கொள்ளுங்கள்.

7 ஜூன்

“மெதுவாக இறுக்கினால் வேலை பறந்துவிடாதா?” என்ற அச்சம் நியாயமானது, ஆனால் அச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 0.5 மி.மீ. ஆழம், 0.1 மி.மீ. ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) என்ற மெல்லிய வெட்டுக்கு உருக்கில் வெட்டு விசை சுமார் 150 நியூட்டன் வரும். உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால், ஜா ஒன்றுக்கு 250 நியூட்டன் அதைத் தாங்கிவிடும். பாதுகாப்புக்காக அதை இரட்டித்தால் 500. அந்த 500 நியூட்டனே நம் 3 மி.மீ. வளையத்தை 0.1 மி.மீ. அமுக்குகிறது.

ஆகவே வெறும் மூன்று ஜாவில், எவ்வளவு பக்குவமாக இறுக்கினாலும், இந்த வேலையை எச்7 அளவில் முடிக்க முடியாது. கைப்பக்குவத்தைக் குறை சொல்வதை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். வெளியிலிருந்து பிடிக்கும் ஜாக்கள் சுழற்சி வேகம் கூடும்போது தாமாகவே சற்றுத் தளரும் என்பதால், மெல்லப் பிடித்துவிட்டு வேகத்தைக் கூட்டுவது மட்டும் வேண்டாம்.

7 ஜூன், இரவு

ஆறு ஜா சக் பற்றிக் கேட்டவருக்கு: மொத்த அழுத்தம் மாறாமல் ஆறு இடங்களில் பிரிந்து விழுந்தால் அமுங்கல் மூன்று ஜாவில் வருவதில் சுமார் பத்தொன்பதில் ஒரு பங்காகிறது. எண்ணைப் பார்த்தால் உடனே கடைக்கு ஓடத் தோன்றும். விலையைப் பார்த்தால் திரும்பி ஓடத் தோன்றும். மேலும், அந்தக் கணக்கு ஆறு ஜாவும் சமமாகத் தொடும்போதுதான் செல்லும். கரடுமுரடான வார்ப்பு வளையத்தை ஆறு ஜா சக்கில் வைத்தால் மேடான சில இடங்களை மட்டுமே அது தொடும். கடைந்து முடித்த வெளிவட்டத்தைப் பிடிக்கத்தான் அது ஏற்றது.

9 ஜூன்

காசில்லாத ஆறு ஜா சக் ஒன்று உண்டு. வேலையின் வெளிவிட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி தடித்த புஷ் ஒன்றை போரிங் செய்து, ஒரு பக்கம் முழுதாக நீளவாட்டில் அறுத்து, பிசிறு நீக்கி, வளையத்தின் மேல் மாட்டி, அதோடு சேர்த்துச் சக்கில் பிடிக்க வேண்டும். ஜாவின் அழுத்தம் புஷ்ஷின் தடித்த சுவர் வழியாகப் பரவி, வளையத்தின் சுற்று முழுவதிலும் விழுகிறது. ஸ்லிட் புஷ் என்று எல்லா பட்டறையிலும் சொல்வது இதைத்தான். நான் தொழில் பழகிய இடத்தில் மேஸ்திரி ஒரு பழைய எண்ணெய் டின் நிறைய இவற்றை வைத்திருந்தார். ஒவ்வொன்றின் முகத்திலும் விட்டம் பஞ்ச் செய்யப்பட்டிருக்கும். அந்த டின்னைத் தொட அவரிடம் அனுமதி வாங்குவது, முதலாளியிடம் முன்பணம் வாங்குவதைவிடக் கடினம்.

புஷ்ஷின் சுவர் மெல்லியதாக இருந்தால் பயன் இல்லை. வேலையின் சுவரைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். அறுத்த வாயை ஒரு ஜாவின் நேர் கீழே வைக்காமல் இரண்டு ஜாக்களுக்கு நடுவில் வையுங்கள்.

10 ஜூன்

சாஃப்ட் ஜா (வேலைக்கு ஏற்ப அறுத்துக்கொள்ளக்கூடிய மென்மையான ஜா) வைத்திருப்பவர்களுக்கு ஸ்லிட் புஷ்ஷும் தேவையில்லை; ஆனால் அவற்றை போரிங் செய்யும் முறையில் பலர் அவசரப்படுகிறார்கள். வெறும் சக்கில் ஜாவை நிறுத்திவிட்டு போரிங் செய்யக் கூடாது. ஜாக்களின் பின்பகுதியில் ஒரு வளையத்தையோ உருளையையோ கடித்துக்கொள்ள வைத்து, வேலையைப் பிடிக்கும்போது எந்தத் திசையில் இறுகுமோ அதே திசையில், ஏறத்தாழ அதே அழுத்தத்தில் இறுக்கி வைத்துத்தான் அறுக்க வேண்டும். ஜாக்களை நகர்த்தும் சுருள் மரையான ஸ்க்ரோலில் உள்ள இடைவெளி அப்போதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

அளவு எவ்வளவு? வேலையின் விட்டத்தைவிடப் பெரிதாக அறுத்தால் ஒவ்வொரு ஜாவும் நடுவில் ஒரு கோட்டில் மட்டும் தொடும். அது பழைய மூன்று புள்ளிப் பிடிப்பேதான். சிறிதாக அறுத்தால் ஜாவின் இரண்டு ஓரங்கள் கடிக்கும். அதில் ஆறு கோடுகள் கிடைப்பதால் பரவாயில்லை, ஆனால் முடித்த பரப்பில் தழும்பு விழும். மென்சுவர் வேலைக்கு விட்டத்துக்கு விட்டம் சமமாக அறுப்பதே சரி. வேலையின் சுற்றை ஏறக்குறைய முழுவதும் தழுவும் அகன்ற ஜாக்களை, பை ஜா என்பவற்றை, இதே முறையில் போரிங் செய்தால் இன்னும் நல்லது.

ஜாக்களைக் கழற்றினால் எண் மாறாமல் அதே இடத்தில் மாட்டுங்கள். அப்படி மாட்டினாலும் முக்கிய வேலைக்கு முன் ஒரு மெல்லிய வெட்டு எடுத்துவிடுவது என் வழக்கம்.

13 ஜூன்

மேலே உள்ளவற்றை மறுபடி படித்தபோது, எல்லாமே ஆர வாக்கில் அழுத்துவதைப் பரவலாக்கும் உபாயங்களாகவே இருப்பதைக் கவனித்தேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறு: வளையம் எந்தத் திசையில் விறைப்பாக இருக்கிறதோ அந்தத் திசையில் பிடிக்க வேண்டும்.

மூன்று ஜாவிலும் சேர்ந்து விழுந்த அதே 3000 நியூட்டனை ஜாக்களால் பக்கவாட்டில் கொடுக்காமல், வளையத்தின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்தை நோக்கி அச்சு வாக்கில் கொடுத்துப் பாருங்கள். முகப்பின் பரப்பு 914 சதுர மி.மீ. என்பதால் அழுத்தம் சதுர மி.மீ.க்கு 3.3 நியூட்டன், நீளத்தில் ஏற்படும் குறுக்கமும் விட்டத்தில் ஏற்படும் விரிவும் தலா அரை மைக்ரானைக்கூட எட்டவில்லை. பக்கவாட்டில் 200 மைக்ரான் வளைத்த அதே விசைதான் இது.

இதைச் செயல்படுத்த ஒரு பிடிப்பான் செய்ய வேண்டும். தடித்த வட்டத் துண்டைச் சக்கில் பிடித்து, வளையத்தின் வெளிவட்டம் தளர்வாக இறங்கும் அளவுக்குக் குழித்து, அடியில் வளையம் உட்காரும் பரப்பை அதே பிடிப்பில் ஃபேஸிங் செய்யுங்கள், அதாவது தட்டையாகக் கடையுங்கள். வளையத்தை உள்ளே வைத்து, நடுவில் துளையுள்ள ஒரு மூடியால் மூன்று அல்லது நான்கு திருகு போட்டு முகத்தை அழுத்துங்கள். மூடியின் துளை வழியாக போரிங் பார் உள்ளே போகும். டூல் முனை துளையைத் தாண்டி வெளியேற அடியில் இடம் விட மறக்க வேண்டாம். வளையத்தின் இரு முகமும் தட்டையாகவும் இணையாகவும் இருப்பது இங்கே கட்டாயம். முகம் கோணலாக இருந்தால் மூடி அதை நேராக அழுத்திப் பிடிக்கும், கழற்றியதும் அது பழைய கோணலுக்குத் திரும்பிவிடும்.

எண்ணிக்கை நிறைய இருந்தால் இந்தப் பிடிப்பானுக்குச் செலவாகும் அரை நாள் வீண் இல்லை. இரண்டு மூன்று வளையத்துக்காக நான் இதைச் செய்ய மாட்டேன்.

14 ஜூன்

இரண்டு மூன்று வளையம் என்றால் என்ன செய்வேன் என்று கேட்கிறார்கள். மெல்லியதைப் பிடிக்கவே மாட்டேன். தடித்த குழாயையோ கம்பியையோ சக்கில் வலுவாகப் பிடித்து, வெளியே நீட்டிய பகுதியில் உள்ளும் வெளியும் அரை மி.மீ. மிச்சம் வைத்து முரட்டு வெட்டை முடித்து, ஆறவிட்டு, பிறகு இரு பக்கமும் மெல்லிய வெட்டில் அளவுக்குக் கொண்டு வந்து, கடைசியில் பார்ட்டிங் டூலால் வெட்டி எடுப்பேன். ஜா கடிக்கும் இடம் தடித்த உலோகமாகவே கடைசி வரை இருக்கும். சக்கில் மிஞ்சும் துண்டு வீண்தானே என்பார்கள். திரும்பி வரும் வளையத்தைவிட அது மலிவு.

ஆறவிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உருக்கு 100 மி.மீ. விட்டத்தில் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 20 மைக்ரானுக்கு மேல் விரிகிறது. அலுமினியம் அதைப் போல இரு மடங்கு. சூடாக இருக்கும்போது அளந்த எச்7, ஆறிய பிறகு எச்7 அன்று.

18 ஜூன்

அதிர்வு பற்றிய கேள்வி. மெல்லிய சுவர் பாடத் தொடங்கினால் முதலில் டூலைப் பாருங்கள், பிடிப்பை அல்ல. 0.8 மி.மீ. மூக்கு ஆரம் (முனையின் வளைவு) கொண்ட இன்செர்ட்டால், அதாவது மாற்றக்கூடிய வெட்டுமுனையால், 0.2 மி.மீ. ஆழம் வெட்டினால், வெட்டு முழுவதும் மூக்கின் வளைவிலேயே நடந்து, விசையின் பெரும்பங்கு சுவரை ஆர வாக்கில் தள்ளும். 0.2 அல்லது 0.4 மி.மீ. மூக்கு, கூர்மையான பாசிட்டிவ் இன்செர்ட், சுவருக்குச் செங்குத்தாக நிற்கும் வெட்டு விளிம்பு, மூக்கு ஆரத்தைவிட அதிகமான ஆழம் ஆகியவை இருந்தால் விசை அச்சு வாக்கில் திரும்பிவிடும். அதன் பிறகும் பாடினால் வெளிச்சுவரைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பை இழுத்துக் கட்டுங்கள். வாகன பிரேக் டிரம் கடையும் லேத்துகளில் சத்தத்தை அடக்க ரப்பர் பட்டை ஒன்று சுற்றுவது இதே காரணத்துக்காகத்தான். முனை சக்கில் சுற்றிக்கொள்ளாதபடி முடிச்சைச் சரியாகப் போடுங்கள்.

22 ஜூன்

வளையத்திலிருந்து தகட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு மி.மீ. பித்தளைத் தகட்டில் வட்டங்கள் கடைய வேண்டும், நடுவில் துளை இருக்கக் கூடாது என்கிறார் ஒருவர்.

விளிம்பை மட்டும் கடைய வேண்டும் என்றால், சக்கில் ஒரு தட்டையான கட்டையைப் பிடித்து, அதன் முகத்தில் தகட்டை வைத்து, மறுபுறம் இன்னொரு சிறு கட்டையை டெயில் ஸ்டாக்கின் (லேத்தில் சக்குக்கு எதிர்முனையில் உள்ள தாங்கியின்) ரிவால்விங் சென்டரால், அதாவது வேலையோடு சுழலும் கூர்முனையால், அழுத்திப் பிடித்தால் போதும். பல தகடுகளை ஒன்றாக அடுக்கியும் கடையலாம். மூலைகளைக் கத்திரியால் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். சதுர மூலை டூலில் மோதினால் அடுக்கு நகர்ந்துவிடும்.

முகத்தையே கடைய வேண்டும் என்றால் ஒட்டுவதே வழி. கடிகாரத் தொழிலாளர்கள் அவலரக்கை இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். பித்தளைப் பாத்திரங்களை அரக்கால் ஒட்டிக் கடையும் வழக்கம் நம் நாட்டில் பழமையானது. அவலரக்கு 75 முதல் 80 டிகிரி வாக்கில் இளகுவதால், பொறுமையாகச் சூடாக்கினால் ஒட்டவும் எடுக்கவும் எளிது. வேகமாக வெட்டிச் சூடேற்றினால் அதே எளிமையில் தகடு கழன்றும் போகும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையும் பிடிக்கும். முடிந்ததும் சூடாக்கியோ அசிட்டோனில் ஊறவைத்தோ எடுக்கலாம். இழுவையை நன்றாகத் தாங்கும் அந்தப் பசை திடீர் அடியைத் தாங்காது என்பதால், விட்டு விட்டு வெட்டும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். ஒட்டிய தகடு பறந்தால் அதன் விளிம்பு கத்திதான்; சுழலும் தளத்துக்கு நேராக நிற்காதீர்கள்.

குளிரில் உருட்டிய தகட்டின் ஒரு முகத்தை மட்டும் கடைந்தால், உள்ளே அடங்கியிருந்த தகைவு ஒரு பக்கமாக விடுபட்டு அது தட்டுப் போலக் குழியும். இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும்.

23 ஜூன்

காற்றை உறிஞ்சித் தகட்டைப் பிடிக்கும் வெற்றிடச் சக்: 100 மி.மீ. வட்டத்தில் 0.8 பார் வெற்றிடம் கிடைத்தால் சுமார் 64 கிலோ அழுத்தம். உராய்வைக் கணக்கில் கொண்டால், பக்கவாட்டில் தாங்குவது 13 கிலோ அளவே. மெல்லிய வெட்டுக்குப் போதும்.

29 ஜூன்

மெல்லிய குழாயின் உள்ளே எதையாவது நிரப்பிக் கடையலாமா என்ற கேள்விக்கு: சரியாக நுழையும் கட்டையை உள்ளே செருகிவிட்டு வெளியிலிருந்து பிடிப்பது எப்போதும் நல்லது. 70 டிகிரியில் உருகும் உட்ஸ் மெட்டலை ஊற்றி நிரப்புவதும் பழைய வழக்கந்தான். அதில் காரீயமும் காட்மியமும் இருப்பதால் சிறு பட்டறையில், டீ கிளாஸ் வைக்கும் அதே மேசையில், அதை உருக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 62 டிகிரியில் உருகும் ஃபீல்ட்ஸ் மெட்டலில் அவை இரண்டும் இல்லை. ஆனால் இண்டியம் சேர்ந்திருப்பதால் விலை கூடுதல்.

2 ஜூலை

கேள்வி கேட்ட நண்பர் ஸ்லிட் புஷ் செய்து பார்த்து, சுவர் வேறுபாடு வெகுவாகக் குறைந்ததாகவும், இருந்தாலும் சில வளையங்கள் இன்னும் முட்டுவதாகவும் எழுதியிருக்கிறார். முரட்டு வெட்டையும் இறுதி வெட்டையும் ஒரே இறுக்கத்தில் எடுப்பதாக அவரே குறிப்பிட்டிருப்பதால் காரணம் அங்கேதான் இருக்க வேண்டும். முரட்டு வெட்டு முடிந்ததும் சக்கை முழுதாகத் தளர்த்துங்கள்; வளையம் தன் வடிவத்துக்குத் திரும்பட்டும். பிறகு சாவியை ஒரு கையால் மட்டும், நகராத அளவுக்கு இறுக்கி, கடைசி வெட்டை எடுங்கள். அதன் பிறகும் முட்டினால் ஜூன் 13 குறிப்பில் உள்ள பிடிப்பானைச் செய்துவிடுவதே நல்லது.

3 ஜூலை

காந்தச் சக் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். அதுவும் அச்சு வாக்கில் இழுக்கும் பிடிப்பு என்பதால் உருக்கு வளையத்துக்குப் பொருத்தமானதே. முகம் தட்டையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கும் அப்படியே பொருந்தும். அலுமினியம், பித்தளை, கன்மெட்டல் ஆகியவற்றைக் காந்தம் பிடிக்காது. 304 ரக எவர்சில்வரையும் நம்பிப் பிடிக்க முடியாது. கழற்றிய பிறகு காந்தத்தை நீக்காமல் விட்டால், துளைச் சுவரில் ஒட்டிய நுண்சில்லுகள் அடுத்த அளவையும் பொருத்தத்தையும் கெடுக்கும்.